பார்த்துக்கொள்பவரின் தூக்கம்

வலி நிவாரணம், நோய் ஆதரவு சிகிச்சைக்காக வீடு வீடாகப் போகும் செவிலியருக்கு அடுத்தவர் வீட்டு முன்னறைதான் பணியிடம். கட்டிலில் ஒருவர் படுத்திருப்பார். பக்கவாதமாக இருக்கலாம், முற்றிய புற்றுநோயாக, முதுகுத்தண்டில் பட்ட அடியாக இருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைச் சுருட்டி வைத்திருப்பார்கள். அதில் படுப்பவர் மனைவி, மருமகள், கல்யாணம் தள்ளிப்போன மகள்; சில வீடுகளில் எழுபது தாண்டிய கணவர். பதிவேட்டில் கட்டிலில் இருப்பவருக்கு மட்டும்தான் பெயர் உண்டு. பாயில் படுப்பவருக்குச் சீட்டே கிடையாது. இந்த வேலையில் சில வருடம் இருந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

1967-இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். வலி என்பது உடம்பு, மனம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்தது என்றார் அவர். நம் வீடுகளில் அந்த நான்காவதுதான் முதலில் வாய்க்கு வரும். புண்ணைப் பற்றிக் கேட்டால்கூட, "எல்லாம் அவன் விட்ட வழி சிஸ்டர்" என்றுதான் பேச்சு தொடங்கும். அதைக் காதில் வாங்காமல் கட்டைப் பிரிக்கப் போகிறவர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

அன்பு இந்த வீடுகளில் மணிக்கணக்கில் நடக்கிறது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறோம். முழுதாக ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். அதனால் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் துணியை மடித்து வைத்து, குதிகால் எதிலும் படாமல் தூக்கி நிறுத்த வேண்டும். தனி ஆளாகத் திருப்புவது எப்படி என்றும் காட்டித்தர வேண்டும். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் நின்று, எதிர்ப்பக்கத்துக் காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்துத் தம் பக்கம் உருட்ட வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் நான்கு கால்களுக்கும் அடியில் உறுதியாகச் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்வோம். பார்த்துக்கொள்பவரின் இடுப்பு போய்விட்டால் அந்த வீட்டில் படுக்கையில் இரண்டு பேர்.

புண் எதனால் வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அக்கறையாகச் செய்த காரியம்தான் காரணமாக இருக்கும். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். உள்ளே நைந்த திசு இன்னும் நைந்துபோகும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டால் சூடு, தடிப்பு, பக்கத்துத் தோலைவிடக் கருநீலம் என்றால் அதுதான் ஆரம்பம். மோட்டாரால் காற்று அடைக்கும் படுக்கையான ஆல்பா பெட் வாங்கியிருப்பார்கள். ஆனால் அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் போர்வை, அதன்மேல் இரண்டு சேலை என்று விரித்துக் காற்றின் பயனே இல்லாமல் செய்திருப்பார்கள். இடுப்புக்கு நேர் கீழே, காற்றுப் படுக்கைக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தால் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் மோட்டாரின் திருகை ஏற்ற வேண்டும்.

ஆனால் தனியாக இருக்கும் ஒரு மனைவியிடம், இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைக்கச் சொல்வது சரியல்ல. மூன்று வாரத்தில் அவர் விழுந்துவிடுவார். நல்ல ஆல்பா பெட் இருந்து, காலையில் பார்க்கும்போது தோல் மாறாமல் இருந்தால் இரவில் நான்கு மணி நேர இடைவெளி விடலாம். வலிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை சாப்பிடுபவருக்கும் படுக்கும் நேரத்து அளவை இரட்டிப்பாக்கி, நள்ளிரவு வேளையைத் தவிர்க்க மருத்துவர் எழுதித் தருவது உண்டு. அந்த இரவுத் தூக்கம் இரண்டு பேருக்கும் மருந்துதான். இப்படி வழி இருப்பதைச் சொன்னால்கூடப் பலர் ஒப்புக்கொள்வதில்லை. தூங்கினால் துரோகம் என்று நினைக்கிறார்கள்.

மூக்கு டியூபில் கஞ்சி கொடுப்பதில் பக்தியும் ஆபத்தும் ஒரே தட்டில் இருக்கின்றன. தலையை உயர்த்தி உட்காரவைத்த நிலையில், வடிகட்டிய கஞ்சி ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி. தானாக இறங்கவேண்டும்; அமுக்கக் கூடாது. முடிந்ததும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே சாய்ந்திருக்க வேண்டும். டியூப் சற்று வெளியே வந்திருந்தால் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது, நுரையீரலுக்குப் போகலாம். இவ்வளவும் சுத்தமாகச் செய்யும் குடும்பம், கோயிலிலிருந்து வந்த பிரசாதத்தை "ஒரு துளிதானே" என்று வாயில் ஊட்டும். விழுங்க முடியாதவருக்கு அந்தத் துளியே நிமோனியாவாகிவிடும். வேண்டாம் என்று தட்டிவிட்டுப் போவது எளிது. அப்படிச் செய்தால் அடுத்த முறை நமக்குத் தெரியாமல் கொடுப்பார்கள். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றச் சொல்லலாம். தீர்த்தத்துக்கும் ஜம்ஜம் தண்ணீருக்கும் அது போதும். திருநீறும் வேளாங்கண்ணி எண்ணெயும் நெற்றியில் இருக்கட்டும், புண்ணில் வேண்டாம். படுத்தபடியே தொழலாம் என்று தெரிந்தும், உடம்போடு மாட்டியிருக்கும் சிறுநீர்ப் பை அசுத்தம் என்று நினைத்துத் தொழுகையை விட்டு அழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிவாசல் இமாமை வீட்டுக்கு வரச்சொல்வதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் என்று முடிவெடுத்த வீட்டில் வாக்குவாதம் பலிக்காது. அவர்கள் மதிக்கும் போதகரே "மருந்தும் அவர் தந்ததுதான்" என்று சொன்னால் அன்றிரவே மாத்திரை தொடங்கிவிடும்.

இந்த வேலையில் கேட்கும் மிகக் கடினமான பிரார்த்தனை ஒன்று உண்டு. வாசல் வரை வழியனுப்ப வந்து, குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் எடுத்துக்கோ சாமின்னு வேண்டுறேன், நான் பாவியா சிஸ்டர்?" என்பார்கள். சொன்ன மறுகணம் அழுகை. அன்பில்லாதவர் வாயில் இது வராது. வருடக்கணக்கில் மலம் அள்ளி, தலை வாரிவிட்டு, தன் மாதவிடாய் வலியையும் சர்க்கரை நோயையும் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்தான் இப்படிக் கேட்கிறார். இதற்கு விளக்கம் தேவையில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். அடுத்த வீடு பத்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை. அழுது முடித்ததும் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்ப்பது நல்ல வழக்கம். கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார், விரதமென்று எந்த வேளை சாப்பாட்டை விடுகிறார், சர்க்கரை மாத்திரையோடு விரதமா என்று கேட்க வேண்டும்.

பிறகு கூடப்பிறந்தவர்களோடு பேச வேண்டும். "உதவி செய்யுங்கள்" என்றால் யாரும் வருவதில்லை. "ஞாயிறு காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை நீங்கள், இரண்டு முறை திருப்ப வேண்டும், ஒரு கஞ்சி, ஒரு முறை பையைக் காலி செய்ய வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் வருகிறார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் பார்த்துக்கொள்பவர் கோயிலுக்குப் போனாலும் சரி, பூசைக்குப் போனாலும் சரி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாலும் சரி. எதில் செலவழித்தார் என்று கேட்பது நம் வேலையல்ல.

இறந்த பிறகும் ஒருமுறை போவது உண்டு. காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பின் போவதே நல்லது. மீந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இன்னமும் விழிப்பு வருகிறது, கை தானாகப் பக்கத்துக் கட்டிலைத் தேடுகிறது என்பார்கள். வரும், மெல்லக் குறையும் என்று சொல்லலாம். பார்த்துக்கொண்டவரின் சொந்த மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்; இப்போது அதற்கு நேரம் இருக்கிறது. ஆல்பா பெட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிளீச்சிங் கரைசலால் இன்னொரு முறை துடைத்து, நிழலில் உலர்த்தி மடித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அவர்களே கேட்பார்கள், அடுத்து யார் வீட்டுக்கு என்று.