ரெண்டு ஷேவிங் மெஷின், ரெண்டுலயும் 1.30

ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் ஃபேக்டரில குவாலிட்டி பாக்குறேன். ஷூ மேல்பாகத்துக்குப் போற தோல வெட் ப்ளூ ஸ்டேஜ்லயே (குரோம்ல பதனிட்டு, ஈரமா நீலமா இருக்கும்போதே) ஷேவிங் மெஷின்ல விட்டு ஒரே கனத்துக்குக் கொண்டு வரணும், எங்க ஆர்டருக்கு 1.30 எம்எம். மெஷின் ரெண்டு, பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு. புதுசுல வர்ற தோல கையில தடவும்போதே எனக்கு மனசு ஒத்துக்கல, ஒண்ணு மெலிசா இருக்கு அடுத்தது தடிப்பா இருக்கு. சூப்பர்வைசர் பாய்கிட்ட சொன்னேன். "இன்னாப்பா, ரெண்டுலயும் ஆவரேஜ் ஒண்ணாதானே வந்துகினு இருக்குது, அப்புறம் இன்னா?"ன்னாரு. அவர் சொன்னது பொய்யில்ல, ஆவரேஜ் நிஜமாவே ஒண்ணுதான்.

பழைய மெஷின்ல ஆறு தோல் அளந்தேன்: 1.30, 1.28, 1.32, 1.31, 1.29, 1.30. புதுசுல ஆறு: 1.22, 1.38, 1.30, 1.25, 1.35, 1.30. ரெண்டுக்கும் சராசரி சரியா 1.30. ரெண்டு சராசரிய ஒப்பிடுற டி டெஸ்ட் போட்டா வித்தியாசம் ஜீரோ, ஏன்னா அது நடுவு எங்க இருக்குன்னு மட்டும்தான் கேக்கும், ஆனா ஒரே ஜோடில இடது கால் ஷூ 1.22லயும் வலது கால் 1.38லயும் தச்சு வந்தா போடுறவங்களுக்கு ஆவரேஜா தெரியும்?

அதனால வேரியன்ஸ, அதாவது அளவுங்க சராசரிய சுத்தி எவ்ளோ சிதறி இருக்குங்கற கணக்க எடுத்தேன். புதுசு 0.00356, பழசு 0.0002, பெருச சின்னதால வகுத்தா 17.8. இதுதான் எஃப் டெஸ்ட். எது அதிகம்னு முன்னாடியே முடிவு பண்ணாம ரெண்டு பக்கமும் பாத்தா 5 சதவீதத்துக்கு (நிஜ வித்தியாசம் இல்லாமயே தற்செயலா தாண்ட நூத்துல அஞ்சு வாய்ப்புதான்ங்கற எல்லைக்கு) டேபிள்ல தாண்ட வேண்டியது 7.15தான், நாம எங்கயோ தாண்டிட்டோம். அப்பவே பாய்கிட்ட ஓடலாம்னு தோணுச்சு, ஆனா போகல. எஃப் டெஸ்ட்டுக்கு டேட்டா மணி மாதிரி வடிவத்துல, அதாவது நார்மலா இருக்கணும், ஓரத்துல ரெண்டு மூணு அளவு தூரமா விழுந்தாகூட அது இல்லாத வித்தியாசத்த இருக்குன்னு தப்பா கத்தும். புள்ளியியல்காரர் ஜார்ஜ் பாக்ஸ் 1953லயே இத காட்டிட்டாரு.

இதுக்கு மாற்று லெவீன் 1960ல கொடுத்த டெஸ்ட். ஒவ்வொரு அளவும் அதோட குரூப் சராசரில இருந்து எவ்ளோ தள்ளி இருக்குன்னு பிளஸ் மைனஸ் பாக்காம எடுத்து, அந்த தூரங்களோட சராசரிய ரெண்டு குரூப்புக்கும் ஒப்பிடணும், அவ்ளோதான். 1974ல பிரவுனும் ஃபோர்சைத்தும் சராசரிக்கு பதிலா மீடியன்ல (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற அளவுல) இருந்து தூரம் எடுக்கச் சொன்னாங்க, ஒரு பக்கமா சாஞ்ச டேட்டாவுக்கு அது இன்னும் தாங்கும். நான் எப்பவும் இததான் நம்புவேன். போட்டேன். பழசுக்கு சராசரி தூரம் 0.01, புதுசுக்கு 0.043. நாலு மடங்குக்கு மேல. ஆனா டெஸ்ட் மதிப்பு 4.81, தாண்ட வேண்டியது 4.96.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஒரு டெஸ்ட் ஆமாங்குது, இன்னொண்ணு மயிரிழைல இல்லங்குது. எனக்குப் புடிச்ச பதில் வந்த டெஸ்ட்ட மட்டும் காட்டினா அது ஏமாத்து வேல. அதே நேரம் 4.81ன்னா ரெண்டு மெஷினும் ஒண்ணுன்னு அர்த்தமும் கிடையாது, ஆறு தோல வச்சு இவ்ளோதான் சொல்ல முடியும்னு அர்த்தம்.

மறுநாள் நோட்ட திரும்பப் பாத்தப்பதான் இன்னொண்ணு உறைச்சுது. பழசுல ஆறையும் முதுகெலும்பு ஓரமா அளந்திருக்கேன், புதுசுல கைக்கு வந்த இடத்துல. வயித்துப் பக்கம் தோல் எப்பவுமே தளர்ந்துதான் இருக்கும், அப்ப நான் அளந்தது மெஷினயா மாட்டையா? இந்தத் தப்ப எந்த டெஸ்ட்டும் திருத்தாது. (ஒரே தோல்ல 30 இடத்துல கேஜ், அதாவது கனம் அளக்குற கருவி வச்சுட்டு 30 அளவுன்னு எழுதுறதும் இதே கதைதான், அது ஒரு தோல்தான்.)

மறுபடி ஆரம்பிச்சேன். ஒவ்வொரு மெஷினுக்கும் 30 தனித்தனி தோல், எல்லாத்துலயும் முதுகுப் பக்கம் ஒரே இடம், ஒரே கேஜ், அளக்குறதும் நான் ஒருத்தன்தான். வித்தியாசம் மொதல்ல பாத்த அளவுக்கு இல்ல, ஆனா இருந்துச்சு, மீடியன் வச்ச டெஸ்ட்லயும் கோட்ட தெளிவா தாண்டிடுச்சு. பாய்கிட்ட கணக்க காட்டல, 60 அளவையும் ரெண்டு வரிசையா புள்ளி வச்சு காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தாரு. அப்புறம் ஆபரேட்டர் அண்ணன கூப்ட்டு சிலிண்டர் பிளேட கழட்டி பாக்கச் சொன்னாரு, நடுவுல தேஞ்சிருந்துச்சு.

சனிக்கிழம சாணை புடிக்கிறாங்க. திங்கக்கிழம அதே இடத்துல இன்னும் 30 தோல் அளக்கணும்.