இரண்டு நிமிட ஹார்மோன்

நீரிழிவு ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் புதிய மருந்தைப் பற்றியதாகவே இருக்கும். கேட்பவர் வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கும். அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி, ரத்தத்தில் ஒரு ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அளப்பதிலேயே கழிந்தது. மருந்துகள் எல்லாம் அந்த அளவீட்டுக்குப் பின்னால் வந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-இல். ஆனால் ஒருவருடைய ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு ஓடுகிறது என்று துல்லியமாகச் சொல்ல ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடினையும் எதிர்ப்பொருளையும் கொண்டு அதைச் சாதித்தார்கள். இன்சுலினுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் என்று அவர்கள் எழுதிய கட்டுரையை இதழ்கள் முதலில் ஏற்கவில்லை. பின்னர் அதே உண்மையின் மேல்தான் அந்த அளவீட்டு முறை எழுந்தது. அதற்கு அவர்கள் காப்புரிமை கேட்கவில்லை. 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் உயிருடன் இல்லை.

அந்த முறை கைக்கு வந்ததும், 1964-இல் ஒரு விந்தை தெளிவானது. குளுக்கோஸை ரத்தக்குழாயில் ஏற்றும்போது சுரப்பதைவிட, வாய்வழியாகக் கொடுக்கும்போது இன்சுலின் மிக அதிகமாகச் சுரக்கிறது. அப்படியானால் குடல் கணையத்துக்கு ஏதோ செய்தி அனுப்புகிறது! அந்தச் செய்திகளில் ஒன்றான ஜிஎல்பி-1 ஹார்மோனோடுதான் என் வேலை.

ரத்தத்தில் அதன் பாதி இரண்டு நிமிடத்துக்குள் சிதைந்துவிடும். டிபிபி-4 என்ற நொதி அதன் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடும். ஊசியில் ரத்தத்தை எடுத்த பிறகும் நொதி ஓய்வதில்லை. அதனால் நொதியைத் தடுக்கும் மருந்தைக் குழாயில் முன்கூட்டியே இட்டு, குழாயைப் பனிக்கட்டியில் செருகி, குளிர்ந்த நிலையிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்கிறோம். வெட்டுப்படாததை மட்டும் அளக்கிறோமா, வெட்டுப்பட்டதையும் சேர்த்தா என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். கட்டுரையில் ஒரே வரியில் போய்விடும் இந்த வேலையில்தான் முடிவின் உயிர் இருக்கிறது.

எலிகளோடு செய்யும் வேலையும் இப்படித்தான். பழக்கமில்லாத கை பிடித்தால் எலி மிரளும், மிரண்டால் அட்ரினலின் சுரக்கும், சர்க்கரை ஏறும். அந்த எண்ணை மருந்தின் கணக்கில் எழுதிவிடக்கூடும். எனவே சோதனைக்குப் பல நாள் முன்பிருந்தே எலிகளைக் கையில் எடுத்துப் பழக்குகிறோம். கணையத்திலிருந்து, இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களான லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைப் பிரிப்பதற்கும் அதே பொறுமை வேண்டும். திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதி சற்றுக் கூடுதல் நேரம் இருந்தால் திட்டுகள் சிதறிவிடும். குறைந்தால் சுற்றுத் திசு ஒட்டிக்கொண்டே இருக்கும். நுண்ணோக்கியின் கீழ், கறுத்த பின்னணியில் வெளிறிய உருண்டைகளாகத் தெரிபவற்றைப் பிப்பெட்டால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. குளுக்கோஸை ஊற்றியதும் அந்த மணல்மணி அளவுத் திட்டுகள் இன்சுலினைச் சுரப்பதை அளக்கும்போது இன்றும் மனம் துள்ளுகிறது.

இரண்டு நிமிடத்தை நீட்டும் வழி வந்தது ஒரு பல்லியிடமிருந்து. ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியில் ஜான் எங் கண்டறிந்த எக்ஸெண்டின்-4, ஜிஎல்பி-1 போலவே வேலை செய்கிறது. அதன் இரண்டாவது அமினோ அமில இடத்தில் அலனினுக்குப் பதிலாகக் கிளைசின் இருப்பதால் டிபிபி-4 அதை எளிதில் வெட்ட முடிவதில்லை. அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; நாளுக்கு இரண்டு ஊசி. பிறகு ஜிஎல்பி-1 போன்ற மூலக்கூறில் கொழுப்பு அமிலச் சங்கிலி ஒன்றைப் பொருத்தி, ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டவைத்தார்கள். லிராகுளுடைடு நாளுக்கு ஒரு முறையாகவும், செமாகுளுடைடு வாரத்துக்கு ஒரு முறையாகவும் ஆயிற்று. இவை எடையையும் குறைக்கின்றன; ஆனால் மருந்தை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பங்கு திரும்புகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெற்றியைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசவே நான் விரும்புகிறேன்.

இப்போது ஒரே மூலக்கூறில், ஜிஎல்பி-1 ஏற்பியோடு, ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான குளுக்ககானின் ஏற்பியையும் தூண்டும் மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. குளுக்ககானை அளப்பதோ இன்னும் கடினம். ஒரே முன்னோடிப் புரதத்திலிருந்து குடலில் பிறக்கும் கிளைசென்டின் போன்றவற்றில் குளுக்ககானின் வரிசை முழுதாக அடங்கியிருக்கிறது. அதனால் பல எதிர்ப்பொருள்கள் அவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடுகின்றன. மூலக்கூறின் இரு முனைகளையும் தனித்தனி எதிர்ப்பொருளால் பிடிக்கும் முறை இதில் நம்பகமானது. எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம் முதலில் இந்த அளவீட்டைத்தான் ஒப்படைக்கிறேன். குளுக்ககான் மிகையாக இருப்பதாகச் சொல்லும் பழைய முடிவுகளில் சிலவற்றை இந்த முறையில் மறுபடி அளந்தே ஆக வேண்டும்.