இழுத்துத் திருப்பும் சாவி

எங்கள் வீட்டுக் கிரில் கேட்டில் தொங்கும் பூட்டுக்கு ஒரே ஒரு சாவிதான் மிஞ்சியிருந்தது. மற்ற இரண்டும் எங்கே போயின என்பது பற்றி வீட்டில் ஆளுக்கொரு கருத்து உண்டு. மிஞ்சிய சாவியும் லேசுப்பட்டதல்ல. முழுக்க உள்ளே தள்ளினால் திரும்பாது. அரை நூல் வெளியே இழுத்துத்தான் திருப்ப வேண்டும். எங்களுக்கெல்லாம் அது கைப்பழக்கம். வருகிற உறவினர்கள்தான் வாசலில் நின்று பூட்டோடு மல்லுக்கட்டுவார்கள்.

மாற்றுச் சாவி போட முதலில் மிஷின் வைத்திருக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் சுவரில் தொங்கிய நூற்றுக்கணக்கான வெட்டாத சாவிகளில் ஒன்றை எடுத்து, பக்கவாட்டுக் காடி பொருந்துகிறதா என்று பழைய சாவியோடு வைத்துப் பார்த்தார். மிஷினில் அருகருகே இரண்டு பிடிகள். ஒன்றில் பழையது, மற்றொன்றில் புதியது. பழைய சாவியின் பற்களை ஓர் அசையாத முள் தடவிக்கொண்டே போக, பக்கத்தில் சுழலும் சக்கரம் அதே மேடுபள்ளத்தைப் புதிய சாவியில் அறுத்தது. கம்பி பிரஷில் பிசிறு நீக்கி, சூடு ஆறுவதற்குள் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு நிமிடம், 60 ரூபாய்.

வீட்டில் அந்தச் சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. திரும்பப் போனேன். சாவியின் தோள், அதாவது தலைக்கு அடுத்துத் துருத்தி நிற்கும் முட்டு, பிடியில் சரியாக முட்டாமல் இருந்தால் வெட்டெல்லாம் தள்ளி விழுந்துவிடுமாம். மறுபடி இறுக்கி வெட்டித் தந்தார். அதுவும் திரும்பவில்லை. பூட்டில்தான் கோளாறு, எண்ணெய் விடுங்கள் என்றார். நானும் தேங்காய் எண்ணெயை விட்டேன்.

மறுநாள் நடைபாதையில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இரண்டு சாவிகளையும் நீட்டினேன். பழையதை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பற்களின் முனைகள் சப்பிய கற்கண்டு போல மழுங்கியிருந்தன. "சாவியை எதற்குக் கொண்டு வந்தீர்கள் தம்பி? பூட்டைக் கொண்டு வாருங்கள்" என்றார். பூட்டோடு போனதும், பழைய சாவியால் என்னையே அதைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்து காட்டாதவரின் பூட்டை அவர் தொடுவதில்லையாம். துவாரத்தை முகர்ந்தவர் தேங்காய் எண்ணெய்க்காகத் திட்டினார். புழுதியும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே பசையாகியிருந்தது. மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்தார்.

காயும் நேரத்தில் விளக்கம் கிடைத்தது. பூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ஐந்து ஜோடி பின்கள், அதாவது சிறு உலோகக் குச்சிகள், ஒவ்வொரு ஜோடியின் மேலும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் ஐந்து ஜோடிகளின் இணைப்பும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் சாவி நுழைந்திருக்கும் உருளை சுழலும். தேய்ந்த சாவி பின்களைப் போதிய உயரத்துக்குத் தூக்குவதில்லை. நாங்கள் வெளியே இழுத்தபோது பின்கள் பள்ளத்தின் சரிவில் கொஞ்சம் ஏறி, அந்தக் குறை ஈடானது. மிஷினோ தேய்மானத்தையும் சேர்த்தே படியெடுத்தது. தன் பங்குக்கு மயிரிழை ஆழம் கூட்டியும் வெட்டியிருந்தது.

பிறகு அவர் பூட்டை அமுக்கிப் பூட்டினார். பழைய சாவியை என் சட்டைப்பையில் போடச் சொன்னார். ஒரு வெட்டாத பித்தளைச் சாவியின் விளிம்பை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, உள்ளே விட்டு, இறுக்கித் திருகி, மேலும் கீழும் ஆட்டி எடுத்தார். விளிம்பில் ஊசி முனை அளவில் சில புள்ளிகள் விழுந்திருந்தன. முறுக்கும்போது இறுகி நின்ற பின்களின் தடம் அது. புள்ளி விழுந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி உள்ளே. ஒரு பின் தன் உயரத்துக்கு வந்துவிட்டால் அந்த இடத்தில் புள்ளி விழாது. அதற்குமேல் அராவினால் சாவி வீண்.

திண்டுக்கல் பூட்டுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. என் மாமனார் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதில் பின் கிடையாது, நெம்புத் தகடுகள்தான் என்றார் பெரியவர். விளக்குக் கரியைச் சாவியில் படியவிட்டு உள்ளே நுழைத்தால், தகடு உரசிய இடத்தில் கரி அழிந்திருக்கும். அங்கே அராவ வேண்டும்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் பேச்சை நிறுத்தாமலே திருகியபோது பூட்டு டக்கென்று வாயைப் பிளந்தது. பென்சிலைச் சாவியின் பற்களிலெல்லாம் தேய்த்து, அந்தக் கரியோடு சாவியை நாலைந்து முறை உள்ளே விட்டு எடுத்தார். எண்ணெய்க்குப் பதில் இதுதானாம். 250 ரூபாய் வாங்கிக்கொண்டு, சாவியின் தலையில் அரத்தால் ஒரு கோடு போட்டுத் தந்தார். இனி எத்தனை படி வேண்டுமானாலும் இதை வைத்தே எடுக்க வேண்டும் என்பதற்கு அடையாளம்.

அதே மிஷின் கடையில் அதிலிருந்து இரண்டு படிகள் எடுத்தேன். இரண்டும் முதல் திருப்பிலேயே திறந்தன. அம்மா மட்டும் இன்னும் பழைய சாவியைத்தான் இடுப்பில் செருகியிருக்கிறார். புதியது பழக்கமில்லையாம்.