ரெகுலேட்டருக்குப் போகிற அந்தச் சின்ன ஹோஸ்

இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரை மாற்றி, நாமே திருகி செட் செய்யக்கூடிய (அட்ஜஸ்டபிள்) ஒன்றைப் போடுவது பற்றி, நிஸ்ஸான் சில்வியா எஸ்13-இல் வரும் எஸ்ஆர்20டிஇடி என்ஜினை வைத்து எழுதுகிறேன். உபரி பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள பழைய டர்போ என்ஜின்களுக்கெல்லாம் வேலை ஏறக்குறைய இதுதான். ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் கார்களுக்கும், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்களுக்கும் இது பொருந்தாது.

அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் போட்டால் பவர் கூடும் என்று நினைத்து இறங்காதீர்கள். பிரஷரை 3 பாரிலிருந்து 3.5-க்கு ஏற்றினால் 370 சிசி இன்ஜெக்டர் சுமார் 400 சிசி கொடுக்கும், அவ்வளவுதான். அதற்குள் பம்ப் தள்ளும் அளவு குறைந்துவிடும். பெட்ரோல் போதவில்லை என்றால் பெரிய இன்ஜெக்டர் போட்டு ஈசியுவை (என்ஜின் கம்ப்யூட்டரை) ட்யூன் செய்வதே சரி. பெரிய பம்ப் போட்ட பிறகு கம்பெனி ரெகுலேட்டரால் உபரி பெட்ரோலைத் திருப்பி அனுப்ப முடியாமல் ஐடிலில் பிரஷர் ஏறுகிறதா? அப்போதுதான் இது உண்மையாகவே தேவை.

என்ஜின் ஆறியிருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, என்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, இன்னும் இரண்டு மூன்று விநாடி கிராங்க் செய்தால் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) பிரஷர் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பழைய ரெகுலேட்டர் இருந்த இடத்தில் ரெயில் அடாப்டர் உட்காரும். அதன் ஓ-ரிங் புதிதாக இருக்க வேண்டும், லேசாக என்ஜின் ஆயில் தடவி நேராக இறக்குங்கள். கோணலாகப் போனால் ஓ-ரிங் வெட்டுப்பட்டு பெட்ரோல் கசியும்.

புதியதை டர்போவுக்கு எதிர்ப் பக்கம், பாடியில் பொருத்துவது நல்லது. பெரும்பாலான மாடல்களில் பக்கத்துத் துளை ரெயிலிலிருந்து வருவதற்கு, அடித்துளை டேங்குக்குத் திரும்புவதற்கு. மாற்றி மாட்டினால் செட்டிங்குக்கே வராது. பெட்ரோல் ஹோஸ் இஎஃப்ஐ (எலக்ட்ரானிக் இன்ஜெக்டர்) பிரஷருக்கானதாக இருக்க வேண்டும், கார்புரேட்டர் ஹோஸ் கூடாது. டெஃப்ளான் டேப்பைத் தொடவே வேண்டாம். அதன் துணுக்கு இன்ஜெக்டரை அடைத்தால் அந்த ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்து (லீனாகி) பிஸ்டன் போகும்.

இனி ரெகுலேட்டரின் மேல் நிப்பிளுக்குப் போகிற அந்தச் சின்ன ஹோஸ். த்ராட்டிலுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து நேராக வர வேண்டும். பூஸ்ட் கன்ட்ரோலர், ப்ளோ-ஆஃப் வால்வு லைன்களிலிருந்து டீ போட்டு எடுக்காதீர்கள். இரண்டு முனையிலும் கிளிப் கட்டாயம். 1.2 பார் பூஸ்ட்டில் (டர்போ மேனிஃபோல்டில் ஏற்றும் காற்றழுத்தம்) ரெயிலில் 4.2 பார் இருந்தால்தான் இன்ஜெக்டருக்கு இருபுறமும் உள்ள வித்தியாசம் 3 பாராக நிற்கும். ஹோஸ் கழன்றால் ரெயில் 3 பாரிலேயே நிற்க, வித்தியாசம் 1.8 ஆகிவிடும். பாய்வது பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் வரவேண்டிய பெட்ரோலில் சுமார் 77 சதவீதம்தான் வரும். முழு பூஸ்ட்டில், சரியாக அதிகம் வேண்டிய நேரத்தில். ஐடிலில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம் என்பதுதான் பயங்கரம்.

பேட்டரியையும் ஃப்யூஸையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை நான்கைந்து முறை ஆன் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிறகு சூடான என்ஜின் ஐடிலில் ஓட, சின்ன ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்ட் பக்க முனையை அடைத்துவிட்டு செட் செய்யுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பிரஷர் ஏறும். 3 பாரில் நிறுத்தி, நட்டை இறுக்கியபின் மறுபடி கேஜைப் பாருங்கள், இறுக்கும்போதே நகரும். ஹோஸை மாட்டியதும் சுமார் 2.4-க்கு இறங்க வேண்டும். ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் 3-க்கு இறங்கவில்லையென்றால் ரிட்டர்ன் லைன் ஒடுக்கம். ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

கிளிசரின் நிரப்பிய கேஜ் என்ஜின் சூட்டில் தப்பாகக் காட்டும், செட் செய்ய அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை, பலர் விட்டுவிடுவது. என்ஜினை நிறுத்தி பம்பை மட்டும் ஓடவிட்டு, கைப்பம்பால் ரெகுலேட்டரின் மேல் நிப்பிளில் 1 பார் காற்று கொடுங்கள். கேஜ் 3-இலிருந்து 4-க்குப் போக வேண்டும். போகாவிட்டால் டயாஃப்ரம் கோளாறு அல்லது பம்ப் தள்ளாடுகிறது. அந்த நிப்பிளில் பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃப்ரம் கிழிந்தேவிட்டது, பூஸ்ட் ஏற்றக் கூடாது.