அண்ணன் எந்தச் சின்னத்துல நின்னாரு?

ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். வருகைப் பதிவேட்டில் பெயர் தலைவரான பெண்ணுடையதாக இருக்கும். கைபேசி எண் அவர் கணவருடையது. ஒன்றிய அலுவலகப் பட்டியலிலும் அதே எண்தான். ஆய்வுக் கூட்டமோ தண்ணீர்ப் புகாரோ, போன் அவருக்குத்தான் போகும். அப்புறம் "அந்தம்மா ஒண்ணும் கண்டுக்கறதில்ல" என்று அலுத்துக்கொள்வதும் அதே அலுவலகம்தான்.

சட்டம் தன் பங்கைச் செய்துவிட்டது. 1993இல் அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2016இல் தமிழ்நாடு அதை ஐம்பது சதவீதமாக உயர்த்தியது. 2019 டிசம்பர் தேர்தல் அந்தக் கணக்கில்தான் நடந்தது. ஆனால் ஊராட்சியை நடத்தியது தீர்மானப் புத்தகமும் காசோலைப் புத்தகமும். அவை யார் வீட்டு பீரோவில் இருந்தன என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

நான் அந்த வேலையில் இருந்தபோது காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவர் முறுக்கிக்கொண்டால் தூய்மைப் பணியாளர் சம்பளம்கூட நிற்கும். தலைவர் பட்டியலினப் பெண்ணாக இருந்தால் இந்த முறுக்கல் கொஞ்சம் அதிகம். இதைப் பெண்ணுக்குத் 'திறமை போதாது' என்ற கணக்கில் எழுதிவிடுவார்கள்.

நான் பார்த்தவர்களில் ஒரு தலைவர் அதற்குமுன் மகளிர் சுயஉதவிக் குழுவில் பொருளாளர். ரசீது பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கமே அவருக்கு இல்லை. ஒருநாள் ஊராட்சிச் செயலர் மோட்டார் பழுதுக்கான பில்லை நீட்டினார். செயலருக்குத் தலைவரின் கணவர்தான் 'அண்ணன்'.

"போன மாசம்தான காயில் கட்டுனீங்க? மறுபடியுமா?"

"அண்ணன்கிட்ட காட்டிட்டேன்மா."

"அண்ணன் எந்தச் சின்னத்துல நின்னாரு?"

செயலர் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது திரும்ப வரவே இல்லை.

எங்கள் வகுப்புகளில் தலைமைப்பண்பு பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அதைவிட, கணவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு ரொக்கப் பதிவேட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தபோதுதான் கேள்விகள் வந்தன. குழுவில் கணக்கெழுதியவர்கள் முதலில் வாய்திறந்தார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத் தொடர்ந்தார்கள்.

2025 ஜனவரி 5இல், அந்த 2019 தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, தலைவர்களின் இடத்துக்கு அரசின் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கும் இப்போது பதவி இல்லை. கிராம சபைக்கு மட்டும் தவறாமல் போகிறார். வரவு செலவை வரி வரியாக வாசிக்கச் சொல்கிறார்.