பைதானில் கோப்பைத் திறக்கும் முன்

பைதான் என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிய நாள்களில், வீட்டுச் செலவுக் கணக்கை எழுதி வைத்திருந்த கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்க்க எண்ணி, கோப்பைத் திறக்கும் ஓபன் என்னும் செயற்கூற்றுக்கு, எழுதுவதற்கான 'டபிள்யூ' (w) முறையைக் கொடுத்து, மூன்று மாதக் கணக்கையும் ஒரு நொடியில் இழந்தேன். அந்த முறையில் திறந்த கணமே, நாம் ஓர் எழுத்தைக்கூட எழுதுவதற்கு முன்பே, பழைய உள்ளடக்கம் முழுவதும் அழிந்துவிடும். இருப்பதன் இறுதியில் சேர்க்க 'ஏ' முறையையும், படிக்க மட்டும் 'ஆர்' முறையையும் பயன்படுத்த வேண்டும். கோப்பை 'வித்' கூற்றுக்குள் திறந்தால், இடையில் பிழை நேர்ந்தாலும் அது தானாகவே மூடப்படும்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் முறையான குறியாக்கத்தைக் குறிப்பிடாவிட்டால், விண்டோஸில் பைதான் 3.14 வரையிலான பதிப்புகள் அந்தக் கணினியின் வட்டார அமைப்பைச் சார்ந்த குறியாக்கத்தையே எடுத்துக்கொள்வதால், தமிழ் எழுத்துகளை எழுத இயலாமல் நிரல் பிழையுடன் நின்றுவிடக்கூடும். ஆகவே, 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று எப்போதும் வெளிப்படையாகக் கொடுப்பதே நல்லது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளைப் பிடிக்கும். ககரமும் இகரக் குறியும் சேர்ந்த 'கி' என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட்டுகள் ஆகின்றன. கோப்பின் அளவும் எழுத்தெண்ணிக்கையும் பொருந்தவில்லையே என்று நான் ஒரு மாலை முழுவதும் குழம்பியது இதனால்தான்.