ஒரே டை செட்டில் 38 ஸ்பெஷலும் 357 மேக்னமும்

357 ரிவால்வர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 38 ஸ்பெஷலையும் சேர்த்தேதான் சுடுவார்கள். அதனால் ரீலோடிங்கில், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டா செய்வதில், இறங்கும்போது முதலில் எழும் கேள்வியே இரண்டுக்கும் தனித்தனி டை செட் (பிரஸ் என்ற நெம்புகோல் கருவியில் திருகி மாட்டும் அச்சுகள்) வாங்க வேண்டுமா என்பதுதான். வேண்டாம். டை பெட்டியின் மேலேயே இரண்டு பெயரும் சேர்த்துத்தான் அச்சடித்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மூன்று டைகளில் ஒன்றுதான் தொடாமல் இரண்டுக்கும் ஓடும், மற்ற இரண்டையும் ஒவ்வொரு தடவையும் உயரம் மாற்றியாக வேண்டும். நான் இதில் கொஞ்ச காலம் மல்லுக்கட்டி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறேன், அதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டு தோட்டாக்களுக்கும் கூட்டின் விட்டம் ஒன்று, அடி விளிம்பு ஒன்று, குண்டின் விட்டமும் ஒன்று. எனவே கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரும் ஒன்றே. நீளம் மட்டும்தான் வேறு: 38 ஸ்பெஷல் கூடு 1.155 அங்குலம், 357 கூடு 1.290. 1930களின் நடுவில் 357 வந்தபோது கூட்டை வேண்டுமென்றே நீட்டினார்கள், அழுத்தம் அதிகமான அந்தத் தோட்டா பழைய 38 ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று. ஆக, டையைப் பகிர்வதில் இருக்கிற மொத்தத் தலைவலியும் அந்த 0.135 அங்குலம்தான்.

சுட்டபோது விரிந்த கூட்டை இறுக்கும் சைசிங் டையில் கவலையே இல்லை. கார்பைடு டை என்றால் அடியில் உள்ள சிறிய வளையம்தான் வேலையைச் செய்கிறது, கூடு அதன் வழியாக ஏறி இறங்கும்போது முழு நீளமும் இறுகிவிடும், கூடு நீளமா குட்டையா என்பது வளையத்துக்குத் தெரியாது. பழைய பிரைமரை (அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியே தள்ளும் ஊசிக்கும் அப்படித்தான், கூட்டின் அடிப்பாகம் இரண்டிலும் ஷெல் ஹோல்டரில் ஒரே இடத்தில்தான் உட்காருகிறது. ஒன்றே ஒன்று, ஷெல் ஹோல்டர் வந்து கார்பைடு வளையத்தில் மோதும்படி டையை இறக்காதீர்கள். கார்பைடு கடினமானது, அதனாலேயே விரிசல் விடும். நான் ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டு, டையை அந்த உயரத்திலேயே நிறுத்தும் லாக் ரிங்கை இறுக்கியிருக்கிறேன், அப்புறம் அந்த டையைத் தொடவே இல்லை.

அடுத்த இரண்டும் கூட்டின் வாயில் வேலை செய்பவை. எக்ஸ்பாண்டர் வாயைக் கொஞ்சம் விரிக்கிறது, சீட்டிங் டை குண்டை உள்ளே அழுத்தி வாயின் விளிம்பை மடக்குகிறது, இந்த மடிப்புதான் கிரிம்ப். வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எல்லாமே. 357க்கு வைத்த உயரத்தில் 38ஐ விட்டால் பெரிய சேதமில்லை, வாய் விரியாது, கிரிம்ப் விழாது, அவ்வளவுதான். 38க்கு வைத்த உயரத்தில் 357 கூட்டை விட்டு நெம்புகோலை இழுத்தால் கதையே வேறு: டைக்குள் கிரிம்ப் செய்யும் மேடு கூட்டின் வாயைப் பிடித்துக் கீழே அமுக்கும், குண்டுக்குச் சற்றுக் கீழே பித்தளை பிதுங்கிவிடும். அந்தக் கூடு குப்பைக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு லேசாகப் பிதுங்கினால்கூட சிலிண்டருக்குள் போகாது.

டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்று என்றால் 0.071 அங்குலம் ஏறும், ஆக 0.135க்கு இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணித் திருகலாம், முதலில் நானும் அப்படித்தான் செய்தேன், ஆனால் ஒவ்வொரு முறையும் கிரிம்பைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கும். இதற்காகவே சில செட்டுகளில் ஸ்பேசர் வளையம் ஒன்று வருகிறது. டையை 38க்குச் சரியாக வைத்து லாக் ரிங்கின் பக்கத் திருகை இறுக்கிவிட வேண்டும். 357 செய்யும்போது லாக் ரிங்குக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே வளையத்தைப் போட்டால் டை முழுவதும் சரியாக அந்த 0.135 உயர்ந்துவிடும்.

ஒரே குண்டு, அதில் ஒரே கிரிம்ப் பள்ளம் என்றால் இது அருமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் டையோடு சேர்ந்து குண்டை அழுத்தும் திருகும் அதே அளவு உயர்கிறது. குண்டு மாறினால் அந்தத் திருகை மறுபடி சரிசெய்தாக வேண்டும். என் வழக்கம் அதுதான், 38க்கு ஈயக் குண்டு, 357க்கு உலோகப் போர்வை போட்டது. வளையம் வைத்தும் பாதி வேலை மிச்சம் இருந்தது. கடைசியில் சீட்டிங் டையை மட்டும் தனியாக இன்னொன்று வாங்கி, ஒன்றை 38க்கும் ஒன்றை 357க்கும் நிரந்தரமாகப் பூட்டிவிட்டேன். சைசிங் டை பொது, எக்ஸ்பாண்டருக்கு வளையம், சீட்டிங் டை தனித்தனி. முழு செட் இரண்டாவதாக வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

ஒவ்வொரு குண்டுக்கும் மருந்தோ பிரைமரோ இல்லாத ஒரு மாதிரித் தோட்டா செய்து டைகளோடு வைத்திருக்கிறேன். திருகு கலைந்துவிட்டால் மாதிரியை ஷெல் ஹோல்டரில் வைத்து மேலே ஏற்றி, குண்டைத் தொடும்வரை திருகை இறக்கினால் போதும், பழைய ஆழம் கிடைத்துவிடும். கூடுகளின் நீளம் சீராக இல்லையென்றால் எந்த ஏற்பாடும் உதவாது, ஒன்றில் கிரிம்ப் ஆழமாகவும் அடுத்ததில் பெயருக்கும் விழும்.

டை பொது என்பதால் மருந்து அளவும் பொது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, 357க்கு 35,000. ரீலோடிங் கையேட்டில் அந்தந்தத் தோட்டாவுக்கான பக்கம்தான் கணக்கு. ஒன்றை முடித்து மருந்து அளவியைக் காலி செய்த பிறகே மற்றதைத் தொடுகிறேன்.

44 ஸ்பெஷல், 44 மேக்னம் ஜோடியும் இதே கதைதான், வித்தியாசம் 0.125 அங்குலம், சரியாக ஒன்றே முக்கால் சுற்று. 44 ஸ்பெஷல் நான் குறைவாகத்தான் செய்கிறேன், அதனால் அங்கே வளையமே போதும். 10 மிமீ ஆட்டோவைக் குட்டையாக்கி 1990ல் வந்ததுதான் 40 எஸ் அண்ட் டபிள்யூ, அவற்றுக்கு இடையே கிட்டத்தட்ட இரண்டு முழுச் சுற்று. ஆனால் 10 மிமீக்குப் பெரிய பிரைமர், 40க்குச் சின்னது, ஆகவே பிரைமர் அழுத்தும் பாகத்தையும் மாற்ற வேண்டும். இவை இரண்டும் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரில் கூட்டின் வாயை ஊன்றித்தான் நிற்கின்றன, எனவே ரிவால்வர் தோட்டாபோல விளிம்பை மடக்கக் கூடாது, வாயை மடக்காமல் சற்றே உள்ளே சரிக்கும் லேசான டேப்பர் கிரிம்ப் மட்டும்.

45 ஏசிபியும் 45 கோல்ட்டும் பெயரில் நெருக்கமாகத் தெரிந்தாலும் கூட்டின் விட்டமே வேறு, சைசிங் டையைப் பகிர்வது சரிவராது. 45 ஏசிபி டையை அப்படியே ஏற்றுக்கொள்வது 45 ஆட்டோ ரிம்தான், அதற்கு ஷெல் ஹோல்டர் மட்டும் வேறு. 45 கோல்ட்டுக்கு நான் தனி செட்தான் வாங்கினேன்.